தட்டிப்பார்த்ததில் கெட்ட மடிக்கணினிகள்

வன்பொருளைக் கண்டறியும் மென்பொருள் படிக்க மட்டுமே செய்யும், எதையும் மாற்றாது என்ற நம்பிக்கை பல மடிக்கணினிகளைப் பலி வாங்கியிருக்கிறது. ஒரு சிப் இருக்கிறதா என்று அறிய, அதன் முகவரிக்குச் சமிக்ஞை அனுப்பிப் பதில் வருகிறதா என்று மென்பொருள் தட்டிப்பார்க்கும். அந்தத் தட்டலையே எழுதும் கட்டளையாக எடுத்துக்கொள்ளும் சிப்புகளும் உண்டு.

பழைய சான்று ஐபிஎம் திங்க்பேட். அதன் சில மாடல்களில் இருந்த அட்மெல் 24ஆர்எஃப்08 நினைவகச் சிப்பை, லினக்ஸில் வெப்ப உணரிகளைத் தேடும் சென்சார்ஸ்-டிடெக்ட் நிரல் தட்டியபோது, உள்ளிருந்த தகவல் சிதைந்தது. அதன்பின் கணினி எழவில்லை. ஐபிஎம் கணினி என்று தெரிந்தால், அந்தத் தட்டலுக்கு வழியான டிரைவர் ஏறவே மறுக்கும்படி பின்னர் கெர்னல் திருத்தப்பட்டது.

‘பென்டிரைவில் லைவ்வாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது’ என்ற பேச்சு இன்னும் ஆபத்தானது. ஹார்டு டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகாது என்பது மட்டுமே அதில் உண்மை. பயாஸ் சிப்புக்கு அந்தக் காப்பு இல்லை. 2017 அக்டோபரில் வந்த உபுண்டு 17.10இல் இருந்த இன்டெல் எஸ்பிஐ டிரைவரால், லெனோவோ முதலிய சில மடிக்கணினிகளில் பயாஸ் அமைப்புகளைச் சேமிக்கவே முடியாமல் போனது. டிசம்பரில் பதிவிறக்கம் நிறுத்தப்பட்டு, 2018 ஜனவரியில் திருத்திய பதிப்பு வெளியானது.

கிராமப்புறங்களில், உதாரணமாகக் கங்கைகொண்ட சோழபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், இந்த ஆபத்து முக்கியமான விஷயம். தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி பல வீடுகளில் ஒரே கணினி. விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் அதில் வந்ததால், லினக்ஸ் கருவிகளை ஓட்டிப்பார்க்கும் ஆர்வம் மாணவர்களுக்கு இயல்பாகவே வரும். பயாஸ் சிப் கெட்டால், அதைத் திரும்ப எழுதும் கருவி உள்ள கடையைத் தேடி ஜெயங்கொண்டத்தைத் தாண்டியும் அலைய நேரலாம்.

ஆகவே முதலில் கெர்னல் ஏற்கெனவே அறிந்ததையே கேட்பது நல்லது. மாடல், பயாஸ் பதிப்பு போன்றவற்றை டிஎம்ஐ-டிகோட் தரும். சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்-பிசிஐ, எல்எஸ்-யுஎஸ்பி ஆகியவற்றைக் கூடுதல் விருப்பங்கள் சேர்க்காமல் ஓட்டினாலே பெரும்பாலான கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். எல்எஸ்-பிசிஐயில் முழு உள்ளமைவையும் கொட்டும் விருப்பம் சில சாதனங்களை முடக்கிவிடும் என்று அதன் கையேடே எச்சரிக்கிறது. சென்சார்ஸ்-டிடெக்ட் ஒவ்வொரு கட்டத்திலும் அனுமதி கேட்கும். சிப்புகளை இணைக்கும் எஸ்எம்-பஸ்ஸைத் தேடும் கட்டமே மிக ஆபத்தானது என்று அதுவே சொல்கிறது. அங்கே ‘நோ’ என்பதே சரியான பதில். எல்லாவற்றுக்கும் என்டர் தட்டிக்கொண்டே போகும் பழக்கம்தான் இங்கே எதிரி.

தட்டிப்பார்த்தே ஆகவேண்டிய சோதனை என்றால், இழந்தாலும் பரவாயில்லை என்ற பழைய கணினியில் செய்ய வேண்டும். கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து, பயாஸ் பதிப்பைக் குறித்துவைத்து, சார்ஜரைச் செருகிய பிறகே தொடங்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு கருவி; ஒவ்வொன்றுக்கும் பின் முழுதாக அணைத்து, மீண்டும் எழுப்பி, பயாஸ் அமைப்பில் ஒரு மாற்றம் சேமிக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். மேலோட்டமாகக் கணினி ஓடுவது போதிய சான்றல்ல. உபுண்டு விவகாரத்தில் அடிபட்ட கணினிகளும் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

பயாஸ் சிப்பைப் படிக்கும் ஃபிளாஷ்ராம், தனக்குத் தெரியாத மடிக்கணினியில் தயங்கும். அதை மீறக் கொடுக்கவேண்டிய சொற்றொடருக்கே ‘எனக்குச் செங்கல் வேண்டும்’ என்றுதான் பொருள்; செங்கல் என்றால் இனி எழாத கணினி. பிறருடைய கணினியில் அதைத் தட்டச்சு செய்யாதீர்கள்.