ஏகவும் இயலார், இருக்கவும் இயலார்

வேற்று நாட்டிற்குச் செல்வார் பெரும்பாலும் இரண்டு தாள்களின் துணைகொண்டே செல்கின்றனர். ஒன்று, 'இவர் எம் குடியினர்' எனத் தாய்நாட்டு அரசாங்கத்தார் சான்று கூறும் பாஸ்போர்ட்டு. மற்றொன்று, 'இவர் எம் நாட்டினுட் புகத் தடையில்லை' என அயல்நாட்டு அரசாங்கத்தார் இசைவு கூறும் விசா. விசா என்பது இலத்தீன் மொழியிற் பிறந்த சொல்; 'பார்க்கப்பட்டது' என்பது அதன் பொருள். தாளை அதிகாரி பார்த்தார் என்பதற்கு அடையாளமாக இடப்பட்ட குறிப்பே நாளடைவில் அப்பெயர் பெற்றது. இவ்விசா பற்றிய ஓர் இடர்ப்பாட்டினை ஈண்டு ஆராயப் புகுகின்றோம். குறித்த நாளில் வெளியேறுக எனச் சட்டம் பணிக்கின்றது. வெளியேறும் வழியோ அடைபட்டுக் கிடக்கின்றது. இந்நிலையில் அகப்பட்டவர் குற்றவாளியாவரோ என்பதே வினா.

முதற்கண் ஒரு வேறுபாட்டினைத் தெளிதல் வேண்டும். விசாவிற்குரிய கால எல்லை இருவகைத்து. விசாவைக் காட்டி நாட்டினுட் புகுதற்குரிய காலம் ஒன்று. புகுந்தபின் தங்குதற்குரிய நாட்கள் மற்றொன்று. ஐரோப்பாவின் செங்கன் நாடுகளுக்குக் குறுகிய காலம் சென்று தங்குவோர் எந்த 180 நாட்களுள்ளும் 90 நாட்களுக்கு மேற்படத் தங்கலாகாது. ஒருவரது விசா ஓராண்டு செல்லுவதாயினும், அந்த எல்லை கடந்தபின் அவர் ஆண்டிருப்பின் அது பிழையேயாம். தாளில் எழுதிய கடைசித் தேதியை மட்டும் நோக்கி, தங்கிய நாட்களை எண்ணாது விடுவோர் இவ்வாறே இடர்ப்படுகின்றனர்.

நாள் கடந்து தங்குதலின் பயன் எளியதன்று. தாய்லாந்தில் நாளொன்றுக்கு 500 பாட் வீதம் 20,000 பாட் வரையில் தண்டம் இறுத்தல் வேண்டும். இந்தியாவில் 1946-ஆம் ஆண்டின் அயல்நாட்டார் சட்டம் ஐந்தாண்டு வரையில் சிறைத்தண்டனை விதித்தது. அதனை நீக்கி 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமோ, மூன்றாண்டு வரையில் சிறையேனும், மூன்று இலட்சம் ரூபாய் வரையில் தண்டமேனும், இரண்டுமேனும் விதிக்கின்றது. இவற்றினும் கொடியது, பெயருக்கு நேரே பதியப்படும் குறிப்பு. பின்னொரு நாள் அவர் விசா வேண்டி நிற்குங்கால் அக்குறிப்பே எதிர்நின்று வழக்காடும்.

இனி நிகழ்ச்சிகளை நோக்குவோம். ஐரோப்பியர் வகுத்த விசா விதித்தொகுப்பு 2010 ஏப்ரல் 5-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் 33-ஆம் விதி, மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட தடையால் வெளியேற இயலாதவர் தக்க சான்று காட்டின் கட்டணமின்றித் தங்கும் நாட்களை நீட்டித்தல் வேண்டும் என்கின்றது. விதி வந்து ஒன்பது நாட்களே சென்றிருந்தன. ஏப்ரல் 14-ஆம் நாள் ஐஸ்லாந்துத் தீவின் எய்யாஃபியாட்லாயோகுட்ல் எரிமலை பனிப்படலத்தைப் பிளந்துகொண்டு சீறியது. சாம்பல் வானிற் பரவவே, மறுநாள் முதல் ஐரோப்பிய வான்வழிகள் பலவும் அடைக்கப்பட்டன. ஏறத்தாழ ஒரு வாரத்தில் சுமார் 1,00,000 விமானப் பயணங்கள் நின்றன. ஒரு கோடி மக்கள் வழியறியாது திகைத்தனர். ஏட்டில் மை உலராத விதிக்கு இயற்கையே தேர்வு வைத்தது போலும்!

எரிமலையின் இடர் ஒரு வாரத்தது. 2020-இல் வந்த கொள்ளைநோயின் இடரோ ஈராண்டினது. மகளின் பேறுகாலத்திற்குத் துணையாய் ஆறு மாத விசாவுடன் இலண்டன் சென்ற தாய் ஒருவரைக் கருதுக. குழந்தை பிறந்தது, நாளும் முடிந்தது, விமானமோ இல்லை. பிரிட்டிஷ் அரசாங்கத்தார் இத்தகையோர்க்கு முதலில் மே 31 வரையிலும், பின்னர் ஜூலை 31 வரையிலும் தங்க இசைந்தனர். எனினும், தங்கும் உரிமை கிட்டிய அளவில் உண்ணவும் உறையவும் பொருள் கிட்டிவிடாது. விருந்தினராய்ச் சென்றவர் ஊதியத்திற்கு உழைத்தலும் விலக்கு. ஆகவே நீட்டிப்பு ஒன்றே முழு மருந்தாகாது என்பதை மறத்தலாகாது.

அயல்நாடுகளிற் சிக்கிய நம்மவரை மீட்க, 2020 மே 7-ஆம் நாள் 'வந்தே பாரத்' விமானங்கள் பறக்கத் தொடங்கின. யாரை முதலில் ஏற்றுவது என்று வகுத்த வரிசையில், வேலையிழந்தோர், நோயாளர், கருவுற்ற மகளிர், முதியோர் ஆகியோருடன், விசா முடியும் தறுவாயிலிருந்த குறுகிய காலப் பயணிகளும் இடம் பெற்றனர். மே 10-ஆம் நாள் 'ஜலாஷ்வா' என்னும் கடற்படைக் கப்பல் மாலத்தீவிலிருந்து 698 பேரைக் கொச்சியிற் கொணர்ந்து சேர்த்தது. அடுத்த மாதம் அக்கப்பலே கொழும்பிலிருந்தவர்களைத் தூத்துக்குடிக்கு அழைத்து வந்தது. நம் நாட்டிற் சிக்கிய அயல்நாட்டார்க்கு, விண்ணப்பித்தவரளவில் கட்டணமின்றி விசா நீட்டிக்கப்பட்டது. 2021 ஜூன் மாதத்திலோ, விண்ணப்பமும் வேண்டா, ஆகஸ்டு 31 வரையில் விசா செல்லும் என அறிவிக்கப்பட்டது. அது பின்னர்ச் செப்டம்பர் 30 வரையில் நீண்டது.

இவற்றால் துயர் தீர்க்கும் நெறி மூன்றென அறிகின்றோம்: சான்று கண்டு ஒருவர்க்கு நீட்டித்தல் ஒன்று, கேளாமலே எல்லார்க்கும் நீட்டித்தல் ஒன்று, வெளியேறுங்கால் தண்டத்தை விலக்குதல் ஒன்று. இவற்றுள் எது சிறந்தது? தடை ஒருவர்க்கு மட்டும் நேர்ந்ததாயின், சான்று கேட்டல் முறையே. நோயென்று பொய் கூறுவாரும் உளராதலின். தடை எல்லார்க்கும் பொதுவாயின் அதுவே சான்றாதலின், ஒவ்வொருவரையும் தாள் கொணர்க என்றல் வீண் வருத்தமாம். இடர் பொதுவாயின் தீர்வும் பொதுவாதல் வேண்டும் என்பதே எம் துணிபு. இயலாததைச் செய்க எனச் சட்டம் வற்புறுத்தாது என்னும் உரோமர் வழிவந்த நீதிமொழியும் இதற்கு அரணாகும்.

பயணிக்கும் கடமை உண்டு. நாள் முடிந்தபின் அழுதல் பயனின்று. முடிவதற்கு முன்னரே அதிகாரியை அடைந்து விண்ணப்பித்தல் வேண்டும். விமானம் நின்றமைக்குரிய கடிதத்தையும் பயணச்சீட்டையும் போற்றி வைத்தல் வேண்டும். தம் நாட்டுத் தூதரகத்திற்கு இருப்பிடம் அறிவித்தல் வேண்டும். வழி திறந்தவுடன் காலந்தாழ்த்தாது புறப்படலும் வேண்டும். ஏனெனில், இயலாமை நீங்கிய அக்கணமே மன்னிப்பும் நீங்கத் தொடங்கும்.

விருந்து என்னும் சொற்குப் பழந்தமிழிற் புதுமை என்பதே பொருள். தொல்காப்பியனார் செய்யுள் வனப்பு எட்டனுள் ஒன்றற்கு அப்பெயரிட்டமையும் இப்பொருள் பற்றியே. புதியராய் வருவோரை முகமலர்ந்து ஏற்றல் எளிது. நாள் கடந்து, புதுமை நீங்கி, போகவும் வழியின்றி வாயிலில் நிற்பாரைப் பொறுத்தலே அரிது. ஒரு நாட்டின் விருந்தோம்பலை அளக்கும் கோல் அதுவேயாம்.