பினாங்கின் நெடிய நீர்ச்சறுக்கு

பினாங்குத் தீவின் வடமேற்கு மூலையில், தெலுக் பஹாங் என்னும் கடலோர ஊரை அடுத்த மலைச்சரிவில், ‘எஸ்கேப்’ என்ற கேளிக்கைப் பூங்காவுக்குச் சொந்தமான நீர்ச்சறுக்கு ஒன்று 1,111 மீட்டர் தூரம் வளைந்து வளைந்து இறங்குகிறது. ரப்பர் மிதவையில் அமர்ந்து சறுக்கும் சறுக்குகளில் உலகிலேயே நீளமானதென்று 2019-இல் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றது இது. அதற்கு முன்னர் அப்பெருமைக்குரியதாக இருந்த ஜெர்மனி தேசத்து எர்டிங் நகரச் சறுக்கின் நீளம் 356 மீட்டர். நீளம் மும்மடங்குக்கு மேல் பெருகும்போது சறுக்கும் அனுபவத்தின் சுபாவமே மாறிவிடுகிறது என்பதுதான் அங்கே நான் கற்ற பிரதான பாடம்.

சாதாரணச் சறுக்கில் சில விநாடிகளுக்குள் பயமும் கூச்சலும் ஆனந்தமும் ஒன்றாய் வந்து ஒன்றாய் முடிந்துவிடும். இங்கோ பிரயாணம் ஏறத்தாழ 4 நிமிஷம் நீடிக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் சராசரி வேகம் மணிக்கு 17 கிலோமீட்டர் அளவுதான், அதாவது நிதானமாகச் சைக்கிள் மிதிப்பவரின் வேகம். ஆகையால் நெஞ்சு பதறும் வேகத்தை நாடிச் செல்லாமல், நீரின் போக்கில் ஒரு வனத்தினூடே இறங்கி வரும் வாய்ப்பாக இதைக் கருதிச் செல்பவர்களுக்கே இதன் முழு இன்பமும் கிட்டும்.

உடையில் கவனம் அவசியம். நீரை உறிஞ்சிக் கனக்கும் பருத்தியையும், உலோகக் குமிழ் பதித்த கால்சராயையும் தவிர்த்து, விரைவில் உலரும் நீச்சலுடை அணிவது உத்தமம். மூக்குக்கண்ணாடி அணிவோர் அதைப் பின்கழுத்தில் வாரிட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். கைபேசியைப் பெட்டகத்தில் பூட்டிவிடுவதே நலம்.

கம்பிவடத்தில் தொங்கும் நாற்காலி உங்களை மலைமீது ஏற்றிச் செல்லும்போது, கீழே மரங்களுக்கிடையே தெரியும் சறுக்கின் வளைவுகளைக் கவனித்துக்கொள்ளுங்கள். வரப்போகும் பாதை ஓரளவு பரிச்சயமாகிவிட்டால் மனத்தில் கலக்கம் தோன்றாது. மிதவையில் அமர்ந்ததும் இரு கைப்பிடிகளையும் பற்றி, முதுகைச் சாய்த்து, குதிகால் தரையில் உராயாதபடி கால்களைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வளைவுகளில் மிதவை தானே வெளிச்சுவரின்மீது ஏறிப் பின் இறங்கும். அதை எதிர்த்து உடலை விறைக்காமல், நீர் கொண்டுபோகும் திசைக்கு இசைந்து கொடுப்பதே சரியான முறை. மேல்மூடியில்லாத சறுக்காதலால், ஒரு வளைவில் வெயில் முகத்தில் அடிக்கும். மறு வளைவில் இலைநிழலும் ஈரமண் வாசனையும் வந்து சூழும். முன்னே மிதந்து செல்லும் பழுத்த இலையொன்று உங்களோடு சேர்ந்தே திரும்புவதைக்கூடக் காணலாம்.

சரிவு குறைந்த இடங்களில் வேகம் தணியும். மிதவையின் நடுப்பள்ளத்தில் உடல் ஆழ்ந்து அடித்தளத்தில் உராய்வதும் அதற்கு ஒரு காரணமாதலால், இடுப்பைச் சற்றே உயர்த்தினால் நீர் மீண்டும் இழுத்துக்கொள்ளும். எக்காரணத்தாலும் நடுவழியில் எழுந்து நிற்கலாகாது. பின்னால் வருபவர் வந்து மோதும் அபாயம் உண்டு.

பினாங்கில் பிற்பகலில் இடிமழை பெய்வது சகஜம். மின்னல் கண்டால் இத்தகைய சறுக்குகளை நிறுத்திவைப்பது வழக்கம். ஆதலால் ஜார்ஜ் டவுனிலிருந்து காலையிலேயே புறப்பட்டு, பூங்கா திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவது விவேகம். கூட்டமும் அப்போது குறைவு.

இயன்றால் மறுமுறையும் ஏறுங்கள். முதல் இறக்கத்தில் கைப்பிடியையும் வளைவுகளையும் பற்றிய சிந்தனையே மனத்தை நிறைத்துவிடும். அந்தக் கவலை தீர்ந்த பிறகுதான், மலைச்சரிவின் மரங்களைச் சாவகாசமாகப் பார்த்துக்கொண்டு வரக் கண்ணுக்கு அவகாசம் கிடைக்கிறது.