முஞ்சிறையிலிருந்து நட்டாலம் வரை

மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் பிற்பகலுக்குள் முஞ்சிறைக்கு வந்துவிடுங்கள். குழித்துறையில் ரயிலை விட்டு இறங்கி, மார்த்தாண்டம் வந்து புதுக்கடை பஸ் பிடித்தால் போதும். அங்கே திருமலை மகாதேவர் கோயிலில்தான் சிவாலய ஓட்டம் தொடங்குகிறது. ஊரில் 'சாலயம் ஓட்டம்' என்பார்கள், ஓடுகிறவர்கள் கோவிந்தன்மார். பழைய விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களில் பன்னிரண்டு சிவன் கோயில்கள், ஏறத்தாழ 110 கிலோமீட்டர். சிவனைத் தேடிப் போகிறவர்கள் வாய் நிறையச் சொல்வது 'கோவிந்தா, கோபாலா'. பாதி மனிதனும் பாதி மிருகமுமான புருஷாமிருகம் துரத்த, பீமன் அப்படிக் கூவிக்கொண்டே ஓடினான் என்பது கதை. அதற்கேற்றாற்போல் ஓட்டம் முடியும் நட்டாலத்தில் சங்கரநாராயணரும் இருக்கிறார்.

ஓடியே ஆகவேண்டும் என்றில்லை, நடக்கலாம். ஒவ்வொரு கோயிலிலும் குளித்து, ஈர வேட்டியோடு, கையில் பனையோலை விசிறியோடு சன்னிதிக்குப் போவதுதான் முறை. ஈரத்துணி தொடையை உரசிப் புண்ணாக்கும். புறப்படும்போதே தேங்காயெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். வெறுங்காலில் நடப்பதென்றால் இரண்டு வாரம் முன்பே வீட்டருகே தார் ரோட்டில் நடந்து பழகுங்கள். மாசி வெயிலில் ரோடு கொதிக்கும்.

கடினம் முதல் இரவுதான். திக்குறிச்சி தாண்டித் திற்பரப்பு வரை நீண்ட தூரம். ஆனால் அந்த இரவுக்காகவே போகலாம். சத்திரமோ விடுதியோ தேட வேண்டாம். வழியோர வீடுகளே சத்திரமாகிவிடும். முற்றத்தில் விளக்கேற்றி வைத்து, சுக்குநீர், மோர், பானகம், கஞ்சி என்று கூப்பிட்டுக் கொடுப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிக் கடந்துவிடாதீர்கள். திண்ணையில் கால் நீட்ட இடம் கேட்டால் மறுக்கமாட்டார்கள்.

விடியும்போது திருநந்திக்கரை வாய்த்தால் நல்லது. கோயிலருகே பாறையைக் குடைந்த பழைய குகைக்கோயில் உண்டு. அப்புறம் ரப்பர் தோட்டத்து நிழலில் பொன்மனை, பன்னிப்பாகம், பிறகு கல்குளம் நீலகண்டசாமி. மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு அடுத்தடுத்து வரும். திருவிதாங்கூர் என்ற பேரே திருவிதாங்கோட்டிலிருந்து வந்ததுதான்.

சிவராத்திரிக் கூட்டம் ஆகாதவர்கள் வேறு நாளில் நான்கைந்து நாளாகப் பிரித்து நடக்கலாம். அப்போது திண்ணை விருந்து இராது. மார்த்தாண்டத்திலும் தக்கலையிலும் லாட்ஜ் பிடித்து, பஸ்ஸில் போய்வந்து நடையைத் தொடருங்கள். கோயில்கள் மலையாள முறைப்படி நடப்பவை. நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். கல்குளத்தில் நடை சாத்தியிருந்தால் பக்கத்திலேயே பத்மநாபபுரம் அரண்மனை. மன்னர் காலத்தில் ஆயிரம் பேருக்குமேல் ஒரே நேரத்தில் உண்ட ஊட்டுப்புரையைப் பார்க்கலாம். திங்கட்கிழமை திறக்கமாட்டார்கள்.

பையின் அடியில் காய்ந்த வேட்டி ஒன்றைத் தனியாக வையுங்கள். நட்டாலத்துக் குளத்தில் கடைசியாக முங்கி எழுந்து, கும்பிட்டு வந்தபின் உடுத்துவதற்கு.