சிப்பிச் சுண்ணாம்பு வீடுகளும் ஓர் ஏலமும்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், கடற்கழியை ஒட்டிப் பியூபர்ட் என்றொரு சிற்றூர் உண்டு. பருத்தித் தோட்டக்காரர்கள் அங்கே கட்டிய மாளிகைகளைப் பற்றி இம்முறை பார்ப்போம்.

சகோதரர்களே, முதலில் அஸ்திவாரத்தைக் கவனியுங்கள். அந்தப் பக்கம் கல் கிடைப்பதில்லை, சிப்பி ஏராளம். அதைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, மணலும் தண்ணீரும் முழுச் சிப்பி ஓடுகளும் சேர்த்துக் குழைத்து, பலகை அடைப்புக்குள் கொட்டி இடித்து இறுக வைப்பார்கள். இதற்கு 'டாபி' என்று பெயர். நம் ஊர்க் கிளிஞ்சல் சுண்ணாம்புக் காரையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். அதன்மேல் வீட்டை உயரத் தூக்கி, காற்று வரும் தெற்கு முகமாக இரண்டடுக்குத் தாழ்வாரம் வைத்தார்கள். உஷ்ணத்திற்கும் ஈரத்திற்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிப்பி சுட்டதும் சுமந்ததும் அடிமைகள்.

பிரின்ஸ் தெருவில் அப்படியொரு வீடு. அவ்வீட்டுக்காரரின் குடும்பத்தில் அடிமையாக 1839-ல் பிறந்தவர் ராபர்ட் ஸ்மால்ஸ். உள்நாட்டுப் போரில், 1861-ல் வடவர் படை ஊரைப் பிடித்ததும் எஜமானர்கள் ஓடிப்போனார்கள். 1862 மே மாதம் ஸ்மால்ஸ், சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து 'பிளாண்டர்' என்ற கப்பலையே ஓட்டிக்கொண்டு, மனைவி மக்களோடு வடவரிடம் சேர்ந்தார். பிறகு பியூபர்ட்டில் வரி கட்டாத வீடுகள் ஏலத்திற்கு வந்தபோது, அந்த எஜமானர் வீட்டை இவரே எடுத்தார்!

பழைய உரிமையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வழக்காடினார். உச்ச நீதிமன்றம் வரை போயும் ஏலப் பத்திரமே நின்றது. பத்திரத்தை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டும் நமக்கு இதன் அருமை தெரியும்.

தாயாரையும் அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டார். 1915-ல் ஸ்மால்ஸ் காலமானதும் அந்த வீட்டில்தான்.