ஒலிபெருக்கியில் ரீங்காரம் ஏன்?

உழைத்துக் களைத்து இல்லம் திரும்பும் நமக்குப் பாடல் கேட்பது ஓர் ஆறுதல். அப்பாடலினூடே ‘உம்ம்’ என்னும் ரீங்காரம் ஓயாது கேட்பின், அதன் பிறப்பிடத்தைக் கண்டறிவது எவ்வாறு?

நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகின்றது. அந்த அலைவே வேண்டாத வழியில் புகுந்து ரீங்காரமாகின்றது.

முதற்கண் மின்சாரத்தை நிறுத்தி, வானொலி, இசைத்தட்டுக் கருவி முதலியவற்றின் இணைப்புக் கம்பிகளைக் கழற்றுவோம். ஸ்பீக்கர் கம்பிகள் மட்டும் இருக்கட்டும். பின்னர் மின்சாரத்தைச் செலுத்திக் கேட்போம்.

ரீங்காரம் நீடித்தால் பழுது பெரும்பாலும் ஒலிபெருக்கியின் உள்ளேதான். மின்சாரத்தைச் சீராக்கும் மின்தேக்கி நாட்பட்டு நலிந்திருக்கலாம். அணைத்த பின்னும் அதில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். ஆதலின் மூடியைத் திறவாது, பழுது பார்ப்பவரிடம் ஒப்படைத்தல் நன்று.

ரீங்காரம் நின்றுவிட்டால், ஒவ்வொரு முறையும் அணைத்துவிட்டு, ஒவ்வொரு கருவியாக இணைத்துப் பார்ப்போம். எதனை இணைத்ததும் ரீங்காரம் எழுகின்றதோ அதன் வழியே குறை உள்ளது. இணைப்புக் கம்பியை மாற்றியும், மின்கம்பிக்கு அப்பால் விலக்கியும் சோதிக்கலாம். இரு கருவிகள் வெவ்வேறு சுவர்களில் எர்த் பெற்றால், அக்கம்பிகள் வளையமாகி ரீங்காரம் எழுப்பும். இரண்டையும் ஒரே இடத்தில் செருகினால் பெரும்பாலும் அடங்கும்.

சிலர் பிளக்கிலுள்ள எர்த் கம்பியையே வெட்டிவிடுவர். ரீங்காரம் நிற்கலாம். ஆயின், உலோகப் பெட்டியில் மின்சாரம் கசியும் நாளில் அதனைத் தொடும் குழந்தையைக் காக்க எதுவும் இராது. ரீங்காரத்தைப் பொறுக்கலாம், எர்த் கம்பியை மட்டும் ஒருபோதும் அகற்றலாகாது.