கிரிவலக் கூட்டத்தில் ஆளைத் தேட ஆறு வழிகள்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூட வந்தவரைத் தவறவிட்டால், அந்த நெரிசலில் செல்போன் சத்தம் கேட்பது அபூர்வம். கண்தான் தேட வேண்டும். மனதில் என்ன உருவம் இருக்கிறதோ, அதைத்தான் கண்ணும் தேடும்.

1. கிளம்பும்போதே போட்டோ எடுங்கள். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. “அம்மா எங்கே?” என்று தேடும் மனம் வீட்டில் பார்த்த முகத்தைத் தேடும், கூட்டத்தில் தெரிவதோ முதுகும் கொண்டையும்தான்.

2. கூட்டத்தில் அதிகம் இல்லாத நிறத்தில் துண்டு ஒன்றைத் தோளில் போடச் சொல்லுங்கள். காவியும் வெள்ளையும் வேண்டாம். கார்த்திகை தீபம் என்றால் கறுப்பும் நீலமும் கூடாது. அந்த நிறங்களில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் ஏராளம். கிளிப்பச்சை நல்லது. நிறம் ஒன்றே வேறுபட்டால் உடனே கண்ணில் படும், இரண்டு மூன்று அடையாளங்களைச் சேர்த்துத் தேடினால் ஒவ்வொருவராகப் பார்க்க நேரும் என்று உளவியலாளர்கள் டிரைஸ்மனும் கெலாடும் 1980இல் எழுதினார்கள்.

3. இரண்டு பேரைக் காணோமா? ஒவ்வொருவரும் ஒருவரை மட்டும் தேடுங்கள்.

4. பச்சையை நினைத்துக்கொண்டு தேடினால் பச்சை பலூனும் பச்சைச் சேலையும் கண்ணை இழுக்கும். அதனால் இரண்டாவது அடையாளம் ஒன்றும் வேண்டும்: மஞ்சள் பை, சாய்ந்த நடை. முதலில் நிறம், பிறகு பை.

5. சாலையைத் துண்டு போட்டுப் பாருங்கள்: டீக்கடையிலிருந்து விளக்குக் கம்பம் வரை, அங்கிருந்து அடுத்த கம்பம் வரை. நடுவில் பீப்பி ஊதும், ஆம்புலன்ஸ் விளக்கு சுழலும். தீபத்தன்று மாலை 6 மணிக்கு மலையுச்சியில் சுடர் எழுந்ததும் “அரோகரா” என்று எல்லாத் தலையும் திரும்பும். திடீரென்று தோன்றுவது கண்ணை இழுத்துவிடும் என்பதை உளவியலாளர்கள் யாண்டிஸும் ஜோனைடஸும் 1984இல் காட்டினார்கள். அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பார்த்துவிட்டு, விட்ட கம்பத்திலிருந்தே மறுபடி தொடங்குங்கள். இல்லாவிட்டால் பார்த்த இடத்தையே பார்த்து, பார்க்காததை விட்டுவிடுவீர்கள்.

6. பிரிந்தால் எங்கே நிற்பது என்று முன்பே பேசிவையுங்கள். இந்திர, அக்னி, எம, நிருதி, வருண, வாயு, குபேர, ஈசான்ய லிங்கங்கள் பாதையில் இந்த வரிசையில் வரும். பெரியவர்கள் அடுத்த லிங்கத்தின் வாசலில் நிற்கட்டும். எல்லோரும் ஒரே திசையில் நடக்கும் பாதையில் எதிரே திரும்பி வரக் கூடாது. குழந்தைகள் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். சட்டைப்பையில் போன் எண் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

காணாமல் போனது குழந்தை என்றால் நீங்களே தேடிக்கொண்டிருக்காமல், அந்தப் போட்டோவோடு உடனே போலீஸிடம் போங்கள்.