பாமிர் சாலையில் தனியாக

கேள்வி: தஜிகிஸ்தானின் பாமிர் நெடுஞ்சாலையில் தனியாக பைக்கில் போக ஆசை. எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?

பதில்: தண்ணீருக்கு. உயரமும் சிரமம்தான்: வழியில் வரும் அக்பைத்தால் கணவாய் 4,655 மீட்டர் உயரம். கார்புரேட்டர் வண்டி அங்கே திணறும். தலைவலி கூடினால் யோசிக்காமல் கீழே இறங்கிவிடுங்கள். ஆனால் பிரதான சாலையை விட்டு பர்தாங் பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பினால், பனி உருகி வரும் ஓடைகள் பாதையிலேயே குறுக்கிடும். விடியலில் கணுக்காலளவு ஓடுவது, வெயில் ஏறியபின் முழங்காலைத் தாண்டிவிடும். காலையிலேயே கடந்துவிடுங்கள், அதுவும் முதலில் நடந்து பார்த்துவிட்டு. கலங்கல் நீரில் பாறை கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத்தான் தட்டுப்படும். சுமையோடு வண்டி சாய்ந்தால் தூக்கிவிட ஆள் வராது. தனியாகப் போகிறவர் பர்தாங்கைத் தவிர்ப்பதே நல்லது என்பேன். பிரதான சாலையே போதும் போதும் என்றாக்கிவிடும். விசாவோடு, இந்தச் சாலை செல்லும் பதக்‌ஷான் பகுதிக்கான அனுமதியையும் வாங்கிவிடுங்கள். சோதனைச் சாவடிகளில் கேட்பார்கள்.